அடைக்கலம் யார் கையில்?

ஏலாக்குறிச்சி மாதா குளத்துக் கரையில் ஒரு கிழமை நாளின் பிற்பகலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருப்பாள். ஏழு வயதில் ஒரு மகள் குளத்துப் படியில் காலை நனைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வயதுக்காரி மடியில் தூங்கினாள். பையிலிருந்து அவள் எடுத்தது மஞ்சள் துணியில் கட்டிய சின்னத் தொட்டில். என் கையிலிருந்த நோட்டைப் பார்த்து, "டீச்சருங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இது மூணாவது. நாலு மாசம். இதாச்சும் பையனா இருக்கணும்னு எங்க அத்தை நேர்ந்துக்கிட்டாங்க. அவங்களால வரமுடியல, என்னைப் போயி கட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றாள்.

நான் ஞானஸ்நானம் பெற்றவள் அல்ல. அவளும் இல்லை என்பதை அவள் நெற்றிக் குங்குமம் சொன்னது. இந்தப் பக்கத்தில் அது ஒரு பொருட்டும் அல்ல. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். நான் வந்தது வேண்டுதலோடு அல்ல, ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு. அந்தச் சொல் 'அடைக்கலம்'. ஏலாக்குறிச்சியில் இருப்பவள் அடைக்கல மாதா. வகுப்பில் பல வருடங்களாகப் பாடமாக நடத்திய ஒரு சொல்லை, அது தினமும் புழங்குகிற இடத்தில் போய்ப் பார்க்கலாம் என்றுதான் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மாதா கோயில்களுக்குச் சில மாதங்களாகப் போய்வந்துகொண்டிருந்தேன்.

பச்சைமலையின் கிழக்குச் சரிவிலிருந்து கொள்ளிடக்கரை வரை இறங்குகிற நிலம் இது. மேற்கே மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும். நடுவில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் லாரிகளும். கிழக்கே ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காடு. தெற்கே கொள்ளிடத்து நெல்வயல். 1899இல் உருவான கும்பகோணம் மறைமாவட்டத்துக்குள் இந்த ஊர்கள் வருகின்றன. பெரம்பலூரில் வெயில் கொளுத்தும் கரிசலுக்கு நடுவே இருப்பவள் பனிமய மாதா. ரோமாபுரியில் ஓர் ஆகஸ்ட் மாதத்தில் பனி பெய்ததாகச் சொல்லும் பழங்கதையின் பெயர், பனியே பார்க்காத ஊரில் ஒரு தாயாகியிருக்கிறது. குரும்பலூருக்குப் பக்கத்தில் பாளையத்தில் சூசையப்பர். வரதராஜன்பேட்டையில் அலங்கார அன்னை. முந்திரிக்கொட்டையின் பாலில் விரல் வெந்த பெண்கள் அந்த அலங்காரத்தின் முன்னால் கைகூப்பி நிற்பதைப் பார்த்தேன்.

எல்லா இடத்திலும் ஒரே அமைப்பு. பீடத்தில் ஒரு பெண். பீடத்துக்கு முன்னால் பெண்கள். இரண்டுக்கும் நடுவில், திருப்பலி ஒப்புக்கொடுக்கும் இடத்தில், ஆண். கத்தோலிக்கத் திருச்சபையில் பெண் குருவாக முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பூ கட்டுவதிலிருந்து தேர் வீதியைக் கூட்டுவது வரை இந்தத் தலங்களைத் தாங்கி நிற்பது பெண்களின் கைகள். தாயைப் புகழ்ந்து எழுதும் உரிமையும் நெடுங்காலம் ஆண்களிடமே இருந்தது. அந்த எழுத்தைத்தான் இங்கே நான் வாசிக்க விரும்புகிறேன்.

ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் தந்தவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்துக்கு வந்த சேசுசபைத் துறவி. 'திருக்காவலூர்க் கலம்பகம்' இந்த மாதாவின் மீது பாடியது. 'அன்னை அழுங்கல் அந்தாதி'யும் 'கித்தேரியம்மாள் அம்மானை'யும் அவருடையவையே. அரியலூர் மழவராயருக்கு வந்த ராஜப்பிளவையை முனிவர் இங்கே பச்சிலை வைத்துக் குணமாக்கினார், மன்னர் நிலம் கொடுத்தார் என்பது தலக்கதை. குளத்தடி மண்ணை இன்றும் மருந்தாக எடுத்துப் போகிறார்கள். தமிழ்ப் பெண்ணைப் போல ஒரு மாதாவைச் செய்துதரச் சொல்லி அவர் மணிலாவுக்கு எழுதியதாகவும் சொல்கிறார்கள். விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் சேலை கட்டிய பெரியநாயகி மாதா குழந்தையோடு நிற்கிறாள். கொசுவம் வைத்த மாதாவைப் பார்க்கும் கிராமத்துப் பெண் 'இவ நம்மவ' என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒரு பெண்ணுக்கு நம் உடையைத் தருவதும் நம் வாழ்க்கையைத் தருவதும் ஒன்றல்ல.

முனிவரின் பெரும்படைப்பான 'தேம்பாவணி' 1726இல் முடிந்தது. 36 படலம், 3615 பாடல். அதன் தலைவன் மரியாளின் கணவர் சூசையப்பர், வளன் என்று தமிழாக்கப்பட்டவர். முதுகலை வகுப்பில் நாங்கள் தவறாமல் சொல்லும் தகவல் இது. நாங்கள் தவறாமல் விட்டுவிடும் தகவல் ஒன்றும் உண்டு. காப்பியத்தின் மூலங்களில் முக்கியமானது ஒரு பெண் எழுதிய நூல். ஸ்பெயினில் ஆக்ரெதா என்ற ஊரின் கன்னிமடத்துத் தலைவி மரியா எழுதிய 'கடவுளின் மறைநகர்'. மாதாவின் வாழ்க்கையை மாதாவே தனக்குச் சொன்னதாக அந்தப் பெண் எழுதினார். விசாரணை மன்றம் அவரைக் கேள்வி கேட்டது. ஒரு குருவின் கட்டளைக்குப் பணிந்து முதல் பிரதியைத் தன் கையாலேயே நெருப்பில் போட்டார். பிறகு, 1655க்கு மேல் உட்கார்ந்து முழுவதையும் மறுபடி எழுதினார். 1665இல் இறந்தார். நூல் அச்சில் வந்தது 1670இல்.

இதை முதல்முறை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரு பெண், ஒரு பெண்ணைப் பற்றி, எரித்த பிறகும் விடாமல் எழுதிய நூல் தமிழுக்கு வரும்போது கணவனின் காப்பியமாக மாறிவிட்டதே என்று. இப்போது அந்தக் கோபத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன். காப்பியத்துக்குத் தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும் என்பது தமிழ் அணி இலக்கணம் விதித்தது. முனிவர் அந்த விதிக்குள் எழுதினார். சூசையப்பர் அவருடைய பெயர்க் காவலரும்கூட. அவர் எங்கிருந்து எடுத்தார் என்பதை மறைத்தவரும் அல்ல. மறந்தது அவருக்குப் பின்னால் வந்த நாங்கள். உரை எழுதியவர்கள், பாடத்திட்டம் வகுத்தவர்கள், வினாத்தாள் தயாரித்தவர்கள். 'தேம்பாவணியின் பாட்டுடைத் தலைவன் யார்?' என்று நானே வினாத்தாளில் கேட்டிருக்கிறேன். அந்தத் தலைவனின் கதைக்குப் பின்னால் எந்தப் பெண் இருந்தாள் என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

இங்கேதான் அடைக்கலம் என்ற சொல்லுக்கு வருகிறேன். தலத்தின் மொழியில் அது கீழிருந்து மேலே போவது. நாம் சரணடைகிறோம், தாய் காக்கிறாள். தமிழில் இந்தச் சொல்லுக்கு இதைவிடப் பழைய பொருள் ஒன்று உண்டு. அடைக்கலம் என்பது ஒப்படைக்கப்பட்ட பொருள். தருகிறவருக்கும் தரப்படுகிறவருக்கும் அப்பால், வாங்கிக்கொள்கிறவர் ஒருவர் அதில் இருக்கிறார். எடை அவர் மேல்தான் விழுகிறது.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையை எடுத்துக்கொள்ளலாம். மதுரைக்கு வெளியே, புறஞ்சேரியில், கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு தங்கியிருக்கிறார்கள். அந்தி விழப்போகிறது. கண்ணகியை எங்கே விடுவது என்ற கவலை. அந்த வழியாக ஆயர்குல முதுமகள் மாதரி வருகிறாள். எங்கிருந்து வருகிறாள்? ஊர்ப்புறத்து இயக்கிக்குப் பால்மடை படைத்துவிட்டுத் திரும்பி வருகிறாள். அதாவது, அவளும் ஒரு தலத்துக்குப் போய்விட்டு வருகிறவள்தான். கவுந்தி கண்ணகியை அவளிடம் அடைக்கலமாகத் தருகிறாள். சமணத் துறவி, வணிகர் குலப் பெண்ணை, இயக்கியைக் கும்பிடும் மோர்க்காரியிடம் ஒப்படைக்கிறாள். மாதரி சாதியும் சமயமும் கேட்கவில்லை. அழைத்துப்போய்ப் புதுமனையில் வைத்து, சமைக்கப் பாத்திரமும் பண்டமும் தந்து, தன் மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள்.

இந்தக் காதையை எத்தனையோ முறை நடத்தியும் எனக்குத் தப்பிப்போனது, அடைக்கலம் எந்த இடத்தில் நிகழ்கிறது என்பது. இயக்கியின் சன்னதியில் அல்ல. கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில், ஒரு பெண்ணின் கையிலிருந்து இன்னொரு பெண்ணின் கைக்கு. மாதரி அதற்குக் கொடுத்த விலையும் நமக்குத் தெரியும். அடைக்கலப் பொருளைக் காக்க முடியாமல் போனதற்காக அவள் தீயில் விழுந்தாள் என்பதைப் பின்னால், நீர்ப்படைக் காதையில், மாடலன் வாயால் கேட்கிறோம். கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டாள். அந்தத் தியாகங்களை நான் கொண்டாடவில்லை. பெண்கள் தம்மைத் தாமே எரித்துக்கொள்ளும் காட்சிகள் நம் இலக்கியத்தில் வேண்டிய அளவுக்கு இருக்கின்றன. நான் சொல்வது, 'காப்பாற்றுகிறேன்' என்று ஏற்றுக்கொண்டவளுக்கு அது கடமையாக இருந்தது என்பதை. பீடத்தின் தாய்க்கு அந்தக் கடமை இல்லை. வேண்டுதல் பலித்தால் அவள் புகழ். பலிக்காவிட்டால் வேண்டியவளின் விசுவாசக் குறை.

தாய் எல்லோருக்கும் தாய் என்கிறோம். அவள் வீதிக்கு வரும்போதுதான் எல்லோரும் யார் என்று தெரிகிறது. இங்கிருந்து வடக்கே, விழுப்புரம் பக்கத்து எறையூரில், ஜெபமாலை மாதா பெயரில் கோயில் இருக்கும் ஊரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் மோதல் மூண்டது. காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். தேர் எந்தத் தெருவரை வரும், கல்லறையில் யார் எந்தப் பக்கம் என்பவை தமிழகக் கிறிஸ்தவத்தின் பழைய கேள்விகள். புறஞ்சேரி மாதரியின் வீட்டுக்கு இந்தத் தலங்கள் இன்னும் போய்ச்சேரவில்லை.

முனிவரின் இன்னொரு நூல் இந்த இடத்தில் எனக்கு உதவுகிறது. கித்தேரியம்மாள், கட்டாய மணத்தை மறுத்துக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் பழைய மறைசாட்சி. அவளைப் பாட முனிவர் எடுத்துக்கொண்டது அம்மானை, பெண்கள் காய் பிடித்து ஆடிக்கொண்டே பாடும் வடிவம். ஐரோப்பாவில் அவளைப் பற்றி வழங்கும் தொன்மம் ஒன்று இப்படிப் போகிறது: கித்தேரியின் தாய் ஒரே பேற்றில் ஒன்பது பெண் குழந்தைகளைப் பெற்றாள். அவமானம் தாங்காமல் ஒன்பதையும் ஆற்றில் போட்டுவிடும்படி செவிலியிடம் கொடுத்தாள். செவிலி போடவில்லை. ஊர்ப் பெண்களிடம் கொடுத்து வளர்த்தாள்.

கொல்லச் சொல்லிக் கையில் தந்ததை அடைக்கலமாக மாற்றிக்கொண்டவள் அந்தச் செவிலி. அவளுக்கு எந்த ஊரிலும் பீடம் இருப்பதாக நான் அறியவில்லை. புனிதப் பட்டம் கித்தேரிக்கு. செவிலி தொன்மத்தின் ஓரத்தில் நிற்கிறாள், நம் அகப்பாடல்களில் நற்றாய்க்குப் பக்கத்தில் நிற்கும் செவிலியைப் போல.

அந்தக் கதையை அரியலூரில் உட்கார்ந்து படிக்கிறவளுக்கு அது போர்ச்சுகல் கதையாகத் தெரிவதில்லை. பிறந்த பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய மாநிலம் இது. கருவிலேயே பாலினம் பார்த்துச் சொல்வதைத் தடைசெய்யும் சட்டம் 1994இல் வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்குத் தமிழகத்தில் 943 பெண். மிகக் குறைந்த மாவட்டங்களில் கடலூரும் அரியலூரும் இருந்தன. இரண்டிலும் 900க்கும் கீழே. கோணான்குப்பம் கடலூர் மாவட்டம். ஏலாக்குறிச்சி அரியலூர் மாவட்டம். முனிவரின் இரண்டு மாதாக்களும் நிற்கும் மண், பெண் குழந்தைகள் குறைந்துபோன மண்.

கோயில்கள்தான் இதற்குக் காரணம் என்று சொல்வது சோம்பேறித்தனம். நிலம், வரதட்சணை, சாதிக்குள்ளேயே மணம், ஸ்கேன் கருவி என்று காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. கருக்கலைப்பைத் திருச்சபை பாவமென்கிறது, அது வேறொரு விவாதம். நான் கேட்பது வேண்டுதலின் மொழியைப் பற்றி மட்டும். முகாசாபரூர்க் கச்சிராயருக்குப் பிள்ளையில்லை, மாதா வரம் தந்தாள், அவர் கோயில் கட்டினார் என்பது கோணான்குப்பத்துக் கதை. வாரிசு வேண்டும் என்ற ஏக்கத்திலிருந்து எழும்பிய கோயிலில், 'பிள்ளை' என்ற சொல் எந்தப் பாலினத்தைக் குறிக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பீடத்திலும் தாயின் கையில் மகன்தான். மாதாவுக்கே அன்னாள் என்ற அம்மா உண்டு. நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்து, வேண்டிப் பெற்றது பெண் குழந்தை என்பது திருச்சபையின் பழைய மரபு. செப்டம்பர் 8இல் தமிழ்நாடே கொண்டாடும் மாதா பிறந்தநாள் உண்மையில் ஒரு பெண் குழந்தையின் பிறந்தநாள். தவமிருந்து பெண் பெற்ற அன்னாளைக் காட்டி 'எனக்கும் ஒரு மகள்' என்று வேண்டிக்கொண்ட ஒருத்தியையும் இத்தனை தலங்களில் நான் சந்திக்கவில்லை. மரபில் இருக்கிறது. பிரார்த்தனையில் இல்லை.

குளக்கரைப் பெண் தொட்டிலைக் கட்டிவிட்டு வந்தாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் ஏறினோம். திருமானூர் தாண்டியதும் நிற்க இடமில்லாத கூட்டம். எனக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது. அவள் மூத்தவளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தூங்குகிற சின்னவளை என் மடியில் வைத்தாள். "கொஞ்சம் பாத்துக்குங்க டீச்சர்" என்றாள். கேட்டது நீ பார்ப்பாயா என்றல்ல. வைத்துவிட்டுத்தான் சொன்னாள்.

கீழப்பழுவூரில் கொஞ்சம் இறங்கினார்கள். பக்கத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஒரு எடத்துல ஸ்கேன் பண்ணி என்னன்னு சொல்லிடுவாங்களாம். அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேங்கிறாரு. பொண்ணுன்னா வேணாங்கிறாங்க." அப்படிச் சொல்வது குற்றம், சட்டம் இருக்கிறது என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஏளனம் இல்லை, பொறுமைதான் இருந்தது. "சட்டம் எங்க வீட்டுத் திண்ணை வரைக்கும்தான் வரும் டீச்சர்."

உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "மாதாகிட்ட அத்தை சொன்னதச் சொன்னேன். நான் எதுவும் கேக்கல" என்றாள்.

இத்தனை தலங்களிலும் நான் கேட்டதில் இதுதான் என்னை நிறுத்திய சொல். வேண்டுதலைக் கொண்டுபோனவள் அவள். கர்ப்பம் அவளுடையது. தொட்டிலைக் கட்டியதும் அவள் கை. வேண்டுதல் மட்டும் வேறொருவருடையது. பீடத்தின் முன்னால் கைகூப்பி நிற்கும் பெண்கள் எல்லோரையும் பார்த்து 'நம்பிக்கை' என்று நோட்டில் எழுதிவைத்திருந்தேன். அவர்களில் எத்தனை பேர் பிறர் சொன்னதைச் சுமந்துவந்த தூதுக்காரிகள் என்று யோசித்ததில்லை.

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் எண்ணை எழுதினேன். கீழே 181 என்று பெண்கள் உதவி எண்ணையும் எழுதினேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், மூன்று பிள்ளைகளோடு வந்தாலும் என் வீட்டில் இடம் இருக்கிறது என்றேன். அதைச் சொல்லும்போது பயமாகத்தான் இருந்தது. ஒரு கட்டுரைக்குக் குறிப்பெடுக்க வந்தவள் நான். அவள் தாளை நான்காக மடித்து, போனின் உறைக்குள், ஆதார் நகலுக்குப் பின்னால் வைத்தாள். அரியலூர் பேருந்து நிலையத்தில் சின்னவளை வாங்கிக்கொண்டாள். மூத்தவள் எனக்குக் கையசைத்தாள்.

இரண்டு மாதமாகிறது. அழைப்பு வரவில்லை. அவள் பெயரை நான் கேட்கவில்லை, ஊரையும் கேட்கவில்லை. மாதரியாக இருக்கத் தெரிந்திருந்தால் முதலில் அவற்றைக் கேட்டிருப்பேன். இந்தப் பருவம் சிலப்பதிகாரம் நடத்தும்போது அடைக்கலக் காதையில் கண்ணகியைப் பற்றி அல்லாமல் மாதரியைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன். தேம்பாவணிப் பாடத்தில் ஆக்ரெதாவின் மரியா பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். அறியாத எண்ணிலிருந்து போன் வந்தால், வகுப்பில் இருந்தாலும் எடுக்கிறேன்.